ஒற்றை அறை வீட்டில் எம்.எஸ். உள்ளவர் தூக்கத்தை மீட்பது எப்படி: சிபிடி-ஐ முழுமையான வழிகாட்டி

எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.), அதாவது உடம்பின் எதிர்ப்புச் சக்தியே மூளை, முதுகுத்தண்டு நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய், என்று தெரிந்து பதினோரு வருடம் ஆகிறது. அதில் நான்கு வருடம் சரியான தூக்கம் இல்லை. மாத்திரை இல்லாமல் தூக்கமின்மையைச் சரிசெய்யும் சிகிச்சை ஒன்று இருக்கிறது என்று ஒரு மருத்துவ உளவியலாளர் சொல்லி, அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தார். அதில் கண்ணில் பட்ட முதல் வரி: தூக்கம் வராவிட்டால் படுக்கையறையை விட்டு எழுந்து இன்னொரு அறைக்குப் போகவும்.

வடசென்னையில், தண்டையார்பேட்டையில் நாங்கள் இருப்பது வரிசை வீடு. ஒரு அறை, ஒரு சமையல் மூலை, வெளியே நான்கு குடித்தனத்துக்கும் பொதுவாக ஒரு பாத்ரூம். இன்னொரு அறை வேண்டுமென்றால் பக்கத்துப் போர்ஷன் அக்கா கதவைத்தான் தட்ட வேண்டும்.

அந்தத் தாளை எங்கள் வீட்டுக்கும் என் கால்களுக்கும் ஏற்ற மாதிரி மாற்றி, அந்த உளவியலாளரின் மேற்பார்வையில் எட்டு வாரம் செய்தேன். செய்ததை வரிசையாக எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. உங்கள் நரம்பியல் டாக்டரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இதைத் தொடங்க வேண்டும். ஏன் என்பது இரண்டாவது படியில் வரும்.

இது என்ன சிகிச்சை

தூக்கமின்மைக்கான அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை என்பது முழுப் பெயர். யாரும் அப்படிச் சொல்வதில்லை, சிபிடி-ஐ என்றே சொல்கிறார்கள். நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதலில் தர வேண்டியது இதுதான், மாத்திரை அதற்கப்புறம் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016ல் பரிந்துரைத்தது. எம்.எஸ். உள்ளவர்களுக்கும் இது சரிவருமா என்று கான்சாஸ் பல்கலைக்கழக மருத்துவ மையத்தில் கேத்தரின் சியெங்சுகன் குழுவினர் சோதித்து, 2020ல் ஒரு சிறிய முன்னோடி ஆய்வை வெளியிட்டார்கள். பலன் நம்பிக்கை தருவதாகவே இருந்தது. வாரத்தில் மூன்று இரவாவது, மூன்று மாதத்துக்கு மேல் தூக்கம் கெட்டிருந்தால்தான் அது நாள்பட்டது. கல்யாண வீட்டு அலைச்சலில் நான்கு நாள் தூங்காதவருக்கு இதெல்லாம் வேண்டாம்.

முதல் படி: அசதியையும் தூக்கத்தையும் பிரித்துப் பார்ப்பது

எம்.எஸ். உள்ளவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். நான்கு வருடம் நானும் இங்கேதான் விட்டேன்.

நம் அசதி சாதாரண அசதி இல்லை. காலை பத்து மணிக்கே உடம்பில் ஈரச் சாக்கைச் சுற்றியது போல ஆகிவிடும். உடனே போய்ப் படுப்போம். ஆனால் கண் சொருகாது, கொட்டாவி வராது, ஃபேனைப் பார்த்துக்கொண்டு கிடப்போம். அசதி என்றால் உடம்பு ஓடவில்லை என்று அர்த்தம். தூக்கம் என்றால் கண்ணைத் திறந்து வைக்க முடியவில்லை என்று அர்த்தம். இரண்டுக்கும் ஒரே கட்டிலைக் கொடுத்தால், படுக்கை என்பது முழித்துக் கிடக்கும் இடம் என்று மூளை கற்றுக்கொண்டுவிடுகிறது. ராத்திரியும் அதையே செய்கிறது.

இன்னொன்றும் உண்டு. நாள் முழுக்க முழித்திருக்கும்போது தூக்கத்துக்கான பசி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடுகிறது, அதோடு உடம்பின் கடிகாரமும் சேர்ந்தால்தான் இரவில் தூக்கம் வருகிறது. சூரிச்சில் ஆய்வு செய்த அலெக்சாண்டர் போர்பெலி 1982ல் இப்படித்தான் விளக்கினார். மதியம் படுத்து அரைத் தூக்கம் போடுவது சாப்பாட்டுக்கு முன் பஜ்ஜி தின்பது மாதிரி. இரவில் பசி இருக்காது.

அதனால் முதல் மூன்று நாள் வேறொன்றும் செய்ய வேண்டாம். படுக்கத் தோன்றும்போதெல்லாம் ‘இது அசதியா, தூக்கமா’ என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நான் எண்ணிப் பார்த்ததில் பத்தில் எட்டு அசதி.

இரண்டாவது படி: தூக்கத்தைக் கெடுப்பது வேறு ஏதாவதா என்று பார்ப்பது

இதைத் தாண்டிப் போகாதீர்கள். காலில் இழுப்பு வந்து எழுப்பினால் அதற்கு எந்த உளவியலும் உதவாது.

கால்: இரவில் கெண்டைக்கால் இறுகி இழுக்கிறதா, அல்லது காலை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் போல் ஒரு குறுகுறுப்பா? முதலாவது தசை இறுக்கம். பேக்லோஃபென் போன்ற மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக ஒரேயடியாக நிறுத்திவிடாதீர்கள், அது ஆபத்து. இரண்டாவது வேறு தொந்தரவு, எம்.எஸ். உள்ளவர்களிடம் அதிகம் காணப்படுவது. உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று காட்டும் ஃபெரிட்டின் ரத்தப் பரிசோதனை எடுக்கச் சொல்வார்கள்.

சிறுநீர்: இரவில் மூன்று முறை எழுந்தால் அது சிறுநீர்ப்பையின் பிரச்சினையாக இருக்கலாம். படுக்கப் போவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீரை நிறுத்தலாம். ஆனால் பகலில் குறைக்காதீர்கள், சிறுநீர்த் தொற்று வந்தால் எம்.எஸ். தொந்தரவு எல்லாம் கூடும். எங்களைப் போல பாத்ரூம் வெளியே இருந்தால் கூச்சப்படாமல் ஒரு கமோடு நாற்காலி வாங்கிக் கட்டிலருகே போடுங்கள். இருட்டில் வாசற்படி தாண்டி விழுந்தவள் சொல்கிறேன்.

குறட்டை விட்டு மூச்சு நின்று நின்று வருகிறது என்று வீட்டில் சொன்னால் அதற்குத் தனிப் பரிசோதனை இருக்கிறது. மருந்துகளையும் பாருங்கள். எம்.எஸ். அட்டாக் (நோய் திடீரெனத் தீவிரமாவது) வந்து ஸ்டெராய்டு டிரிப் ஏறும் நாட்களில் பலருக்குத் தூக்கம் வராது, அப்போது இந்தச் சிகிச்சையைத் தொடங்காதீர்கள். அசதிக்குத் தரும் மொடாஃபினில், அமண்டடின் போன்றவற்றை மதியத்துக்கு மேல் போட்டால் இரவு போச்சு. எம்.எஸ்.க்குப் போடும் இன்டர்ஃபெரான் ஊசி போட்ட இரவில் காய்ச்சலும் குளிரும் வந்து எழுப்பலாம். எதை எந்த நேரத்துக்கு மாற்றலாம் என்று ஒரு சீட்டில் எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள். ஓ.பி.யில் நமக்குக் கிடைப்பது சில நிமிடம்தான்.

வலிப்பு வந்தவர்கள், இருதுருவ மனநோய் உள்ளவர்கள், வண்டி ஓட்டிப் பிழைப்பவர்கள், அடிக்கடி விழுபவர்கள் ஐந்தாவது படியைத் தனியாகச் செய்யவே கூடாது. தூக்கத்தைக் குறைப்பது வலிப்பையும் மனஎழுச்சியையும் தூண்டலாம். வாழப் பிடிக்கவில்லை என்ற எண்ணம் இருந்தால் இந்தத் தாளை மடித்து வைத்துவிட்டு 14416க்கு அழையுங்கள். அது டெலி மனஸ், இலவசம், தமிழிலும் பேசலாம்.

மூன்றாவது படி: தூக்க டைரி

கோடு போட்ட நாற்பது பக்க நோட்டுப் போதும். காலையில் எழுந்ததும் ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தேன், தூங்க எவ்வளவு நேரம் ஆகியிருக்கும், எத்தனை முறை முழித்தேன், அப்போது மொத்தம் எவ்வளவு நேரம் போனது, கடைசியாக எப்போது முழித்தேன், எப்போது எழுந்தேன், நேற்றுப் பகலில் எவ்வளவு நேரம் படுத்தேன். எல்லாம் குத்துமதிப்பு. இரவில் மணி பார்க்காதீர்கள். எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரத்தைச் சமையல் மூலைக்கு மாற்றினேன், போனைக் கவிழ்த்து வைத்தேன். மணி இரண்டே கால் என்று தெரிந்தால் மனசு உடனே கணக்குப் போட ஆரம்பிக்கும்.

இரண்டு வாரம் எழுதிவிட்டு ஒரே ஒரு கணக்கு. தூங்கிய நேரத்தைப் படுக்கையில் கிடந்த நேரத்தால் வகுத்து நூறால் பெருக்குங்கள். நான் 9.30க்குப் படுத்து 5.30க்கு எழுந்தேன், 480 நிமிடம். தூங்கியது சராசரி 310. ஆக 65 சதவீதம். 85க்கு மேல் இருந்தால் நல்லது. எட்டு மணி நேரம் கிடந்து ஐந்து மணி நேரம் தூங்கியிருக்கிறேன். ‘பேசாம கண்ணை மூடிப் படுத்துக்கம்மா, தானா வரும்’ என்று அத்தை நான்கு வருடமாகச் சொன்னார். பாசத்தில் சொன்னதுதான். ஆனால் முழித்துக் கிடந்த அந்த மூன்று மணி நேரம்தான் தூக்கமின்மையை வளர்த்தது.

நான்காவது படி: எழும் நேரத்தைக் கட்டுவது

படுக்கும் நேரத்தை நம்மால் கட்டுப்படுத்த முடியாது, எழும் நேரத்தை முடியும். ஞாயிறு, விசேஷம், தூங்காத இரவு எதுவானாலும் அதே நேரம். இந்த ஒரு விஷயத்தில் வடசென்னை நமக்குச் சாதகம். எங்கள் தெருவுக்குத் தண்ணீர் வருவது 5.30க்கு. குடம் வைக்கும் சத்தமே அலாரம். காசிமேட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு மீன் ஏலம் அதற்கும் முன்னால். வீட்டில் ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு நேரத்தைக் கட்டிவிட்டால் தனியாக மனஉறுதி தேவைப்படாது.

எழுந்ததும் வெளிச்சம் வேண்டும், உடம்பின் கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது அதுதான். மொட்டை மாடிக்கு ஏற முடிந்தால் வெயில் ஏறுவதற்கு முன் இருபது நிமிடம், முடியாவிட்டால் வாசலில் நாற்காலி. ஏழரைக்கு மேல் நிற்காதீர்கள். உடம்பு சூடானால் பார்வை மங்குவதும் கால் தளர்வதும் நமக்குத் தெரிந்ததே. வில்ஹெல்ம் உட்தாஃப் 1890லேயே எழுதி வைத்தது. உடம்பு குளிர்ந்ததும் அது சரியாகிவிடும், புது அட்டாக் இல்லை.

ஐந்தாவது படி: படுக்கை நேரத்தைச் சுருக்குவது

சிகிச்சையின் முதுகெலும்பு இது, கஷ்டமானதும் இதுதான். ஆர்தர் ஸ்பீல்மன் 1987ல் எழுதிய முறையில், ஒருவர் ஐந்தரை மணி நேரம் தூங்கினால் முதல் நாளே படுக்கையில் ஐந்தரை மணி நேரம்தான் அனுமதி. எம்.எஸ். உள்ளவர்கள் அப்படி ஒரேயடியாக வெட்ட வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். மறுநாள் தள்ளாட்டம் கூடி எங்காவது விழுந்தால் யார் பதில் சொல்வது? கொஞ்சம் கொஞ்சமாகச் சுருக்கும் வழி இருக்கிறது, அதைத்தான் எனக்குக் கொடுத்தார்கள்.

எழுவது 5.30தான், மாறாது. முதல் வாரம் 10 மணிக்குப் படுக்கை, இரண்டாம் வாரம் 10.30, மூன்றாம் வாரம் 11. அதற்கு முன் எவ்வளவு அசதி வந்தாலும் நாற்காலிதான். மூன்றாம் வாரம் படுக்கையில் 390 நிமிடம், தூங்கியது 345. கணக்குப் போட்டால் 88 சதவீதம். நான்கு வருடத்தில் முதல்முறையாகத் தலையணையில் தலை வைத்ததும் தூங்கினேன்.

அப்புறம் விதி எளிது. வாரச் சராசரி 85க்கு மேல் வந்தால் அடுத்த வாரம் 15 நிமிடம் முன்னால் படுக்கலாம். 80க்கும் 85க்கும் நடுவே என்றால் அப்படியே விடுங்கள். 80க்குக் கீழே போனால் 15 நிமிடம் குறையுங்கள், ஆனால் ஆறு மணி நேரத்துக்குக் கீழே நீங்களாகப் போகாதீர்கள்.

முதல் இரண்டு மூன்று வாரம் பகலில் தூக்கக் கலக்கம் கூடும். அது எதிர்பார்த்ததுதான், ஆனாலும் அந்த வாரங்களில் ஸ்கூட்டி வேண்டாம், கொதிக்கும் எண்ணெய்ப் பக்கம் வேண்டாம். காய்ச்சலோ தொற்றோ இல்லாமல் புதிதாக ஒரு மரத்துப்போதல், பார்வைக் குறைவு, பலவீனம் வந்து 24 மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் தூக்கக் குறைவு என்று நினைத்துச் சும்மா இருக்காமல் டாக்டரிடம் போங்கள்.

ஆறாவது படி: இன்னொரு அறை இல்லாத வீட்டில் எழுந்து போவது

படுக்கை தூங்க மட்டும்தான், தூக்கம் வராவிட்டால் எழுந்துவிட வேண்டும் என்பது ரிச்சர்ட் பூட்ஸின் 1972ல் சொன்ன விதி. உத்தேசமாக 20 நிமிடம் ஆகிவிட்டது என்று தோன்றினால் எழ வேண்டும். எங்கே போவது?

யோசித்துப் பார்த்தால் பாயில் படுக்கும் நம் வழக்கம் இதற்கு வசதியானது. சுருட்டி மூலையில் நிறுத்தினால் படுக்கையறையே காணாமல் போய்விடும்! பகலில் அதில் சாயும் பேச்சே இல்லை. ஆனால் தரையிலிருந்து எழுவது எம்.எஸ். கால்களுக்குப் பெரும்பாடு, எனக்குக் கட்டில்தான். அதனால் பாயின் தந்திரத்தைக் கட்டிலுக்குக் கொண்டுவந்தேன். இரவுக்கு மட்டும் ஒரு நீலப் போர்வை விரிப்பு. படுக்கும் நேரத்தில்தான் விரிப்பேன், 5.30க்கு எடுத்து மடித்து அலமாரியில் வைப்பேன். விரிப்பு இருந்தால் படுக்கை, இல்லாவிட்டால் அது வெறும் பலகை.

‘இன்னொரு அறை’ என்பது கதவோரம் கை வைத்த ஒரு நாற்காலி. காலடியில் ஒரு சின்ன மங்கலான விளக்கு, மற்றவர்கள் முகத்தில் படாமல். கட்டிலில் இருந்து அங்கே நான்கு எட்டு, நடுவில் செருப்பு, குடம், பிள்ளையின் பை எதுவும் இருக்கக் கூடாது. எழும்போது முதலில் விளிம்பில் உட்கார்ந்து கணுக்காலைப் பத்து முறை ஆட்டிவிட்டு, சுவரைப் பிடித்து எழுங்கள். நாற்காலியில் பூண்டு உரிப்பேன், பழைய வார இதழ் புரட்டுவேன். போன் கிடையாது. கண் சொருகும்போது திரும்பிப் போக வேண்டும், சலிப்பு வந்தவுடன் அல்ல. முதல் வாரத்தில் ஒரே இரவில் நான்கு முறை போய் வந்தேன். ஆறாவது வாரத்தில் வாரத்துக்கு ஒரு தடவை.

எழவே முடியாத அளவுக்குக் கால் இறுகிய இரவில், அல்லது சக்கர நாற்காலியில் இருப்பவர்களுக்கு: கட்டிலிலேயே தலையணையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்து, போர்வையை விலக்கிவிட்டு அதே பூண்டை உரிக்கலாம். படுத்த நிலையில் போராடக் கூடாது, அவ்வளவுதான்.

ஏழாவது படி: பகல் ஓய்வு

படுக்கக் கூடாது என்றால் ஓய்வே கூடாது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எம்.எஸ்.க்கு ஓய்வு கட்டாயம். உடம்பு விழுவதற்கு முன்பே, நேரம் குறித்து, நாற்காலியில் கால் நீட்டி 15 நிமிடம். நான் வீட்டிலிருந்து ஒரு சரக்கு அலுவலகத்துக்குக் கணக்கு எழுதுகிறேன், ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இந்த இடைவெளி. கழுத்தில் ஈரத் துண்டு போட்டால் அசதி கொஞ்சம் இறங்கும், அதில் சூட்டுக்கும் பங்கு உண்டு. குட்டித் தூக்கம் தவிர்க்கவே முடியாவிட்டால் மூன்று மணிக்கு முன், அரை மணிக்குள், அலாரம் வைத்து.

எட்டாவது படி: ராத்திரி இரண்டு மணி யோசனைகள்

என் கணவர் டிரெய்லர் ஓட்டுகிறார். துறைமுகத்துக்கு வெளியே வரிசையில் நின்று சரக்கை இறக்கிவிட்டு வர சில நாள் விடியற்காலை ஆகும். ‘ஏம்மா, எப்ப வந்தாலும் முழிச்சிட்டே இருக்கியே’ என்பார். பயம் அவரைப் பற்றியது மட்டும் இல்லை. இன்றைக்கும் தூங்காவிட்டால் நாளைக்கு அட்டாக் வந்துவிடும் என்பதுதான் அடியில் ஓடியது.

அதைப் பகலில், நோட்டில் மூன்று கட்டம் போட்டு எழுதச் சொன்னார்கள். எண்ணம், அதற்கு உள்ள ஆதாரம், எதிரான ஆதாரம். எதிர்ப்பக்கத்தை என் அனுபவமே நிரப்பியது: நான்கு வருடத்தில் தூங்காத இரவு நூற்றுக்கணக்கில், அட்டாக் இரண்டு. மோசமான இரவுக்கு மறுநாள் கால் கனக்கும், பத்து மணிக்குள் இறங்கிவிடும். அதை எழுதிய பிறகு பயம் போய்விடவில்லை. சத்தம் குறைந்தது.

கவலைக்கு நேரம் ஒதுக்குவதும் உதவியது. மாலை ஆறு மணிக்கு கால் மணி நேரம் உட்கார்ந்து, கவலையையும் நாளை செய்யக்கூடிய ஒன்றையும் எழுதி நோட்டை மூடிவிடுவேன். கணவரோடு ஒரு ஒப்பந்தம்: ‘நீங்க துறைமுகத்துல இருந்து கிளம்பினதும் போன் பண்ணாதீங்க, வந்து நாற்காலி மேல சாவியை வைங்க.’ நான் முழிக்கும்போது சாவி இருந்தால் சரி.

மனதைத் தளர்த்தும் பயிற்சியில் ஒரு எச்சரிக்கை. ஒவ்வொரு தசையாக இறுக்கிப் பிடித்து விடும் முறையைப் பலர் சொல்லித் தருவார்கள். தசை இறுக்கம் உள்ளவர்களுக்கு அதுவே இழுப்பைக் கிளப்பும். இறுக்காமல், பாதத்தில் தொடங்கி மேலே ஒவ்வோர் இடமாக மனதால் தொட்டு விட்டுக்கொண்டே வாருங்கள். மூச்சை வெளியே விடுவதை மட்டும் கொஞ்சம் நீட்டுங்கள்.

சூடு, சத்தம், டீ, மாத்திரை

சத்தம், சூடு, காபி, கொசு ஆகியவற்றைச் சரிசெய்வதை மட்டும் சிகிச்சை என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது போதாது. ஆனாலும் செய்யுங்கள்: மாலையில் மொட்டை மாடித் தளத்தில் தண்ணீர் தெளிப்பது, கொசுவலை, மதியம் இரண்டுக்கு மேல் டீ இல்லை. கண்டெய்னர் லாரிச் சத்தத்துக்கு டேபிள் ஃபேனின் ஒரே சீரான இரைச்சல் நல்ல மூடி.

தூக்க மாத்திரை ஏற்கெனவே போடுபவர்கள் இந்தச் சிகிச்சையோடு சேர்த்து டாக்டர் சொல்லும் அளவில் மெதுவாகக் குறைக்கலாம், தானாக நிறுத்தக் கூடாது. சீட்டில்லாமல் மெடிக்கலில் வாங்கிப் போடுவது அதைவிட மோசம். அந்த மயக்கத்தில்தான் நடு இரவில் பாத்ரூமுக்கு நடக்க வேண்டியிருக்கும்.

எங்கே கேட்பது

பழைய சிறைச்சாலைச் சாலையில் உள்ள ஸ்டான்லி மருத்துவமனையிலும், சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் நரம்பியல், மனநலம் இரண்டு பிரிவும் உண்டு. மனநலப் பிரிவில் மருத்துவ உளவியலாளரைக் கேளுங்கள், ‘தூக்கமின்மைக்கு சிபிடி-ஐ வேண்டும்’ என்று பெயரைச் சொல்லியே கேளுங்கள். 1985ல் தொடங்கிய இந்திய மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் சங்கத்துக்குச் சென்னையில் கிளை இருக்கிறது. தூக்கத்தோடு சம்பந்தம் இல்லாவிட்டாலும் ஒன்று: 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் எம்.எஸ்.ஸும் ஒன்று, அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம்.

திரும்பவும் கெட்டால்

கெடும். அட்டாக் வரும், ஸ்டெராய்டு ஏறும். அந்த நாட்களில் கணக்குப் பார்க்காதீர்கள், எழும் நேரத்தை மட்டும் முடிந்தவரை பிடித்துக்கொள்ளுங்கள். டிரிப் முடிந்து இரண்டு வாரம் கழித்து டைரியை எடுத்து மூன்றாவது படியிலிருந்து தொடங்குங்கள்.

நான் இப்போது 10.30க்குப் படுக்கிறேன். போன ஆடி மாதம் தெருமுனை அம்மன் கோயிலில் கூம்பு ஸ்பீக்கர் கட்டிய இரண்டு வாரமும் டைரி 80க்குக் கீழே இருந்தது. விதிப்படி 15 நிமிடம் குறைத்திருக்க வேண்டும். உளவியலாளரைக் கேட்டேன். ‘அது உங்க தூக்கம் இல்லம்மா, ஸ்பீக்கர். அப்படியே விடுங்க’ என்றார். கூழ் ஊற்றி முடித்து ஸ்பீக்கரை இறக்கிய வாரம் 87.